எதுவும் கெடாத வீடு

"இன்னும் விழல்லியா?"

"இல்ல, ராத்தா."

"காட்டு, பாப்பம்."

மர்ளியா பிள்ளையின் வயிற்றுத் துணியை விலக்கினாள். தொப்புளில் கொடித் துண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் கிளிப் மாட்டி வெட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. ஈரம் வற்றவில்லை, நிறம் கறுக்கவில்லை, உள்ளே நீல நரம்பு ஓடுவதுகூடத் தெரிந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமையில் அது கருவாட்டு வாலாய்க் காய்ந்து, குளிப்பாட்டுகிற கையோடு வந்துவிடும். ஸஜீதுக்குப் பெயர் வைத்து, முடி இறக்கி, ஆடு அறுத்து, குறிஞ்சிப்பிட்டிச் சொந்தக்காரருக்கெல்லாம் சோறும் போட்டாகிவிட்டது. நாற்பதும் நெருங்குகிறது. கொடி விழவில்லை.

"வாப்பாவைப் போலத்தான் மகனும்," என்றாள் ஹவ்வா. "வந்து ஒட்டின இடத்த விட்டுப் போக மனம் வராது."

நளீம் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தவன். அந்தப் பக்கத்து மாப்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் வருவார்கள். ஆனாலும் மனைவியின் அக்காவான இந்த ராத்தாவுக்கு அதைச் சொல்லிக் காட்டாமல் சோறு செரிக்காது.

"கேக்குது, ராத்தா," என்று முற்றத்திலிருந்து நளீமின் குரல் வந்தது.

"கேக்கத்தானே சொன்னன்."

இவ்வளவும் சொல்ல ஹவ்வா தன் கழுத்தில் விரலை வைத்து வைத்து எடுத்தாள். தொண்டைக்குள் வளர்ந்த கட்டி மூச்சை அடைத்ததால், கொழும்பு ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டுப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி அனுப்பியிருந்தார்கள். கட்டியை வெட்டியும் பாதை முழுதாகத் திறக்கவில்லை, குழாய் நிரந்தரமாயிற்று. மூச்சு அதன் வழியாகப் போய் வரும். விரலால் வாயை அடைத்தால் மிச்சக் காற்று மேலே ஏறிக் குரலாகும். விரலை எடுத்தால் குரல் இல்லை. சண்டையின் நடுவே அவள் விரலை எடுத்துவிட்டால் மற்றவர்கள் வென்றுவிட்டதாக நினைப்பார்கள். அவள் மூச்சு வாங்கி, விரலை மறுபடி வைத்து, விட்ட இடத்திலிருந்தே தொடங்குவாள்.

முன்பிருந்த குழாய்களில் சளி கட்டும். உள்ளே வழவழப்பாய் ஏதோ படரும், நாறும். குளிர் காய்ச்சல் வரும். இரண்டு தரம் நெஞ்சு நிறைந்து, சாகக் கிடப்பவர்களுக்கு ஓதும் யாஸீனுக்கு ஆள் கூப்பிடும் நிலைக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் கொழும்பில் ஒரு டாக்டர் புதுக் குழாய் தந்தார். ஆராய்ச்சிக்காகச் சிலருக்கு மட்டும் கொடுப்பது. மேலே வெள்ளித் துகள் பூசியது, கிருமி அதில் குடியேறாது என்றார். பால் ஊற்றாத பிளேன்டீ நிறத்தில் இருந்தது. மாதம் ஒரு தரம் மருத்துவத்தாதி றோசமேரி வந்து பார்ப்பாள் என்றும் சொன்னார்.

அன்றைக்குப் போன காய்ச்சல் திரும்பவில்லை. நாற்றம் இல்லை. சளி இல்லை. சத்தமும் இல்லை.

அந்தச் சத்தமில்லாமைதான் மர்ளியாவை முதலில் உறுத்தியது. முன்பெல்லாம் ராத்தா வீட்டில் எங்கே நிற்கிறாள் என்பது அவள் மூச்சிலேயே தெரியும். கிணற்றடி, அடுப்படி, அறை, எங்கிருந்தாலும் ஈரச் சாக்கை இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். இப்போது தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போது கழுத்தில் குளிர்க் காற்று படும். திரும்பினால் ராத்தா.

"அல்லாஹ்வே! வந்தா ஒரு சத்தம் காட்டுங்களேன்."

"சத்தம் போட்ட காலத்துல தூங்க முடியல்ல எண்டாய். இப்ப சத்தம் இல்லையாம். உனக்கு நான் எப்படி மூச்சு விட?"

மர்ளியா சிரித்தாள். சிரித்தபடியே கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு தயிர் நின்றது. மர்ளியா எருமைப்பால் வாங்கிச் சட்டிகளில் உறை ஊற்றி, மதுரங்குளிக் கடைகளுக்குக் கொடுப்பவள். ஒருநாள் விடிய மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. உறைமோரை மாற்றினாள், பால்காரனை ஏசினாள், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். இறுகவில்லை. அதைவிடப் பயம் என்னவென்றால், அந்தப் பால் கெடவும் இல்லை. கொட்டாமல் மூலையில் விட்ட ஒரு சட்டி, கிழமை கடந்தும் கறந்த பால் மாதிரி இனித்தது.

"நல்லதுதானே?" என்றான் நளீம். "குளிர்சாதனப் பெட்டி வாங்கத் தேவையில்ல."

"விளையாடாதீங்க. ராத்தாட ஜன்னலடியில போய்ப் பாருங்க."

அங்கே ஒரு அணில் செத்துக் கிடந்தது. எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. எறும்பு வரவில்லை, ஈ வரவில்லை. உப்பளத்துக் காற்றில் மீசை மட்டும் ஆடியது. கண் திறந்தபடி, இப்போதுதான் யாரோ கூப்பிட்டுத் திரும்பியது போல் கிடந்தது. நளீம் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. மண்வெட்டியோடு வந்து அதைப் புதைத்தான்.

அந்த வீட்டுக்குத்தான் ஸஜீத் பிறந்து வந்தான். பள்ளிவாசல், தர்ஹா, கொழும்பு டாக்டர் என்று எத்தனையோ வருடம் அலைந்து, இனி இல்லை என்று விட்ட பிறகு வந்த பிள்ளை.

பக்கத்து வீட்டு ஸுலைஹா மாமி பிள்ளையைப் பார்க்க வந்தாள். கொடியைப் பார்த்ததும் பாயிலிருந்து சற்றுப் பின்னால் நகர்ந்தாள்.

"புள்ள, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டியே?"

"சொல்லுங்க, மாமி."

"கொடி விழாத புள்ள இன்னும் இங்க வந்து சேரல்ல. பாதி அங்கதான் இரிக்கு. என்னமோ ஒண்டு அத விடாமப் பிடிச்சிக்கிட்டு இரிக்கு."

"ஓதித் தண்ணி வாங்கி வச்சிரிக்கன், மாமி."

"ஓதின தண்ணியும் ஒரு வீட்டுக்குள்ள வந்தா அந்த வீட்டு ஆளப் பாத்துத்தானே வேலை செய்யும்? மனுசன்ட கழுத்துல ஒரு வாசல் திறந்து கிடக்கு. ராவும் பகலும் திறந்து கிடக்கு. அதுக்குள்ள எந்த ஜின் போய்க் குடியிருக்கு எண்டு யாருக்குத் தெரியும்? முந்தி நாறிச்சி. நாறினா மனுசன். இப்ப நாறுதா?"

மர்ளியா பிள்ளையின் வயிற்றுத் துணியை இழுத்து மூடினாள்.

"ஒங்கட கூடப் பொறந்த நானா மதுரங்குளியிலதானே? கொடி விழும் மட்டும் ஹவ்வாவ அங்க அனுப்பு."

"அங்க குழாய் அடைச்சா எடுத்துக் கழுவிப் போட யாருக்கும் தெரியாது, மாமி. ஒரு ராத்திரி அடைச்சாப் போதும். மவுத்துத்தான்."

"எனக்கு விளங்குது. ஆனா நீ யாருக்கு உம்மா? அதையும் யோசி."

மர்ளியாவின் கழுத்தில் குளிர்க் காற்றுப் பட்டது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஹவ்வா விரலை வைத்தாள். "ஸுலைஹா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறியா? இல்லாட்டி என்ட வாசலால ஏதும் வந்து ஊத்தித் தரணுமா?"

ஸுலைஹா செருப்பை மாட்டிக்கொண்ட வேகத்தில் இடது வலது மாறிப்போயிற்று. ஹவ்வா தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் சத்தம் இல்லை. பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"அனுப்புறதெண்டா அனுப்பு, மர்ளியா. ஆனா எனக்கு முன்னுக்குச் சொல்லிட்டு அனுப்பு. பின்னுக்குப் பேசாத."

"நான் எங்க அனுப்புறன் எண்டன்?"

"அனுப்ப மாட்டன் எண்டும் சொல்லல்லியே."

உம்மா மவுத்தான வருடம் மர்ளியாவுக்குப் பால்பல்கூட விழவில்லை. சோறு ஊட்டியதும், தலைவாரி ஓதப்பள்ளிக்கு அனுப்பியதும், நளீமைப் பார்த்து முடித்துவைத்ததும் ஹவ்வாதான். தான் கல்யாணமே முடிக்கவில்லை. அதையெல்லாம் அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. மாப்பிள்ளையை மட்டும்தான் சொல்லிக் காட்டுவாள்.

அந்தக் கிழமை றோசமேரி வந்தாள். சிலாபத்துக்காரி, பெரிய உடம்பு, ஸ்கூட்டியை விட்டு இறங்கும்போதே கதைத்துக்கொண்டு வருபவள்.

"எப்படி அக்கா? ராணி மாதிரி இரிக்கிறீங்க. கழட்டுங்க, பாப்பம்."

கழற்றிக் கழுவுவதற்காக உள்ளே செருகியிருக்கும் சின்னக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கதை நின்றது.

"இது வரக்குள்ள என்ன நிறம்?"

"பிளேன்டீ நிறம், மிஸ்," என்றாள் மர்ளியா.

"இப்ப வெள்ளையா இரிக்கே. எதுல கழுவுறீங்க?"

"உப்புத் தண்ணியில," என்றாள் ஹவ்வா. "நீங்கதானே சொன்னீங்க."

"நான் தந்த பாக்கெட்டுல இரிக்கிற தண்ணியிலயா?"

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பளத்துக்காரன் வீட்டில் போய் பாக்கெட்டில் அடைத்த உப்புத் தண்ணியைக் கொடுத்தால் யார் பாவிப்பார்கள்? ஹவ்வா அறைக்குள் கைகாட்டினாள். ஜன்னலோரம் வெயில் படுகிற இடத்தில் ஒரு மண்பானை இருந்தது. நளீம் உப்பளத்தில் தன் பாத்தியிலிருந்து கொண்டுவந்த முதல் தரத் தண்ணி, முட்டை போட்டால் மிதக்கும். குழாயை ஒவ்வொரு நாளும் அதில்தான் ஊறவைப்பாள்.

"எப்ப மாத்தினது?"

"மாத்துறதா? குறையக் குறைய ஊத்திக்கிறது."

"கொட்டுறதே இல்லையா?"

"உப்பைக் கொட்டலாமா, மிஸ்? நிலத்துல சிந்தினா மறுமையில கண்ணிமையால பொறுக்கணும் எண்டு உம்மா சொல்லுவா. உப்பு கெடவும் கெடாது. ஊத்தை உப்பு எண்டு ஒண்டு இரிக்கா?"

றோசமேரி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். அகப்பையால் அடியைக் கிளறினாள். ஊதாவும் கறுப்புமாய் ஒரு வண்டல் மெல்ல எழும்பி, புகை மாதிரிச் சுழன்று, தண்ணீர் முழுவதும் பரவியது. வாசலில் வந்து நின்ற நளீமோடு நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்கட உப்பு குழாயில இருந்த வெள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமா உரிச்சு எடுத்திரிக்கு," என்றாள். "வெயில் பட்டுக் கறுத்திரிக்கு. எல்லாம் இதுக்குள்ளதான். இந்தத் தண்ணியை வேற எதுக்குப் பாவிக்கிறீங்க?"

மர்ளியா மெதுவாகச் சொன்னாள்.

"தயிர்ச்சட்டி இதாலதான் கழுவி எடுப்பன். மணம் போவும் எண்டு."

"பிறகு?"

"ராத்தா குழாயை ஜன்னலுக்கு வெளியில உதறுவா."

"பிறகு?"

மர்ளியாவின் கை தானாகப் பிள்ளையின் வயிற்றுக்குப் போயிற்று. "தொப்புளுக்கு... எங்கட ஆக்கள் உப்புத் தண்ணி ஒற்றி எடுக்கிறது. வெட்டின மீனையே காப்பாத்துதே எண்டு. ஒவ்வொரு நாளும் காலையில ராத்தாதான் ஒற்றிவிடுவா."

"மாதா!" என்று றோசமேரி கதிரையில் உட்கார்ந்தாள். கொடியை நெடுநேரம் பார்த்தாள். "அக்கா, கொடி தானா விழுறதில்ல. அடியில கிருமி கொஞ்சம் தின்னத்தான் விழும்."

"கிருமி வேணுமா?"

"ஓம், கொஞ்சம் வேணும். இனி இதத் தொட வேணாம். பானையைத் தூரக் கொண்டுபோய்க் கொட்டுங்க. கிணத்துப் பக்கம் வேணாம்."

"அப்ப ஜின் இல்லையா?" என்றான் நளீம்.

"இவ்வளவு உப்புக்குள்ள எந்த ஜின் இருக்கும், நானா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஹவ்வா மட்டும் விரலை வைத்து ஒன்று கேட்டாள். "குழாயில பூச்சு இல்ல எண்டா, எனக்கு ஏன் காய்ச்சல் வரல்ல?"

"பானைத் தண்ணி காப்பாத்தியிருக்கும்."

"அதக் கொட்டினா?"

றோசமேரி பைக்குள் எதையோ தேடினாள். "புதுக் குழாய் கேட்டுப் பாக்கிறன், அக்கா."

"நானும் புள்ளையும் ஒரே பானையில," என்றாள் ஹவ்வா. பிறகு நளீமிடம், "எடுத்துக்கிட்டுப் போங்க, தம்பி. யோசிக்காதீங்க."

நளீம் பானையைத் தூக்கிக்கொண்டு போனான். தூரத்தில் கொட்டச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நிலத்தில் எப்படி உப்பைச் சிந்துவது? எடுத்த இடத்துக்கே போகட்டும் என்று, ஓரத்தில் தன் பங்காயிருந்த பாத்தியில் வரம்போரமாய் ஊற்றிவிட்டு, பானையையும் அதிலேயே அலசி வந்தான்.

கொடி கறுத்தது. சுருங்கியது. ஒரு காலையில் மர்ளியா துணியை விலக்கியபோது தனியாகக் கிடந்தது. எடுத்து மூக்கருகே பிடித்தாள்.

"நாறுது! ராத்தா, நாறுது!"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் ஹவ்வா. "இந்த நாத்தத்துக்கு அல்லாஹ்வுக்கு ஷுக்ர் பண்ணின முதல் ஆள் நீதான்."

அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. மூச்சில் மறுபடி ஈரச் சாக்கு இழுபட்டது. பின்னேரம் உடம்பு சுட்டது. சட்டிகளில் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுகியிருந்தது, யாரும் அதைக் கொண்டாடவில்லை. மர்ளியா றோசமேரிக்குப் போன் எடுத்தாள்.

"அந்தக் குழாய் இனி இல்ல, தங்கச்சி. ஆராய்ச்சி முடிஞ்சுதாம். சாதாரணக் குழாய்தான். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

"சாதாரணக் குழாயோட ரெண்டு தரம் கபுருக்குள்ள கால வச்சிட்டு வந்தன்," என்றாள் ஹவ்வா. "மூணாந்தரம் அது என்ன விடாது."

சாப்பிடும்போது நளீம் வேறு ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகச் சொன்னான். "அந்த ஓரத்துப் பாத்தி வெளுத்துப்போச்சு, தெரியுமா? மத்தப் பாத்தியெல்லாம் கிருமி பிடிச்சு, உப்பு இறங்கப்போற சிவப்பு. இது மட்டும் கண்ணாடி. அடியில கிடக்கிற சிப்பிய எண்ணலாம். கொக்கும் அதுல இறங்குதில்ல."

"என்னத்த ஊத்தினீங்க?" என்றாள் மர்ளியா.

"அந்தப் பானையத்தான்," என்றான் நளீம். ஹவ்வா சோற்றைப் பிசைவதை நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி சொல்லியிருந்தது. மர்ளியா ராத்தாவின் உடுப்பை எடுத்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கட்டில் வெறுமையாக இருந்தது. வீடு முழுவதும் காதைக் கொடுத்தாள். மூச்சுச் சத்தம் எங்கும் இல்லை. நளீம் வண்டிக்குப் போயிருந்தான். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினாள்.

நல்ல வெயில். பாத்திகள் வரிசையாய்ச் சிவந்து கிடந்தன. கடைசிப் பாத்தி மட்டும் இல்லாதது போல் இருந்தது. தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்படி அவ்வளவு தெளிவு. காற்று அடித்தது, அதில் மட்டும் சுருக்கம் விழவில்லை. வரம்பில் ஹவ்வா காலைத் தண்ணிக்குள் விட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் குழாய் இல்லை. துளை வெயிலைப் பார்த்துத் திறந்திருந்தது. குழாய் அவள் மடியில், இரண்டு கையும் அதன்மேல்.

"ராத்தா! என்ன செஞ்சீங்க? ஓட்டை மூடிக்கிட்டா?"

"மூடல்ல. காய்ச்சலும் போயிட்டு. தொட்டுப் பாரு."

மர்ளியா நெற்றியைத் தொட்டாள். சூடு இல்லை. குளிரும் இல்லை. பானையைத் தொட்டது போல் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு மற்றது உறைத்தது. வரம்பில் கால் வழுக்கியது.

"ராத்தா... விரல்."

"என்ன?"

"விரல் வைக்காமக் கதைக்கிறீங்க."

ஹவ்வா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில்தான் இருந்தன. அவள் முகத்தில் முதல்முறையாகப் பயம் வந்தது. கையை உயர்த்தித் துளைக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"எப்ப இருந்து எண்டு தெரியல்ல," என்றது குரல். கரகரப்பே இல்லாத, கழுவி எடுத்த குரல். ராத்தாவின் குரல்தான். ஆனால் மர்ளியா சின்னப் பிள்ளையாய் இருந்தபோது கேட்ட குரல்.

பிள்ளை அழத் தொடங்கியது.

"ஒண்டு கேக்கிறன், மர்ளியா. முன்னுக்கு நிண்டு சொல்லு. இப்படியே நான் வீட்டுக்கு வந்தா அங்க திரும்ப எல்லாம் நிண்டுபோகலாம். என்னக் கூட்டிட்டுப் போவியா?"

மர்ளியா வாயைத் திறந்தாள். அதற்குள் ஹவ்வாவின் கண் அவளுடைய கையில் நின்றது. அவளும் பார்த்தாள். தன் கை, தனக்குத் தெரியாமலே, பிள்ளையின் முகத்தைத் துளையிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது.

"அது சரிதான்," என்றாள் ஹவ்வா. "நானும் அப்படித்தான் மறைச்சிருப்பன். நீ போ. நான் இங்கயே கொஞ்சம் இருக்கன்."

"எவ்வளவு நேரம்?"

ஹவ்வா தண்ணியைப் பார்த்தாள். உள்ளே அவள் பாதங்கள் தெரிந்தன. வெடிப்பு, தழும்பு ஒன்றும் இல்லாமல், யாரோ புதிதாய்ச் செய்து வைத்தவை போல் வெளுத்துக் கிடந்தன.

மர்ளியா கையைப் பிள்ளையின் முகத்திலிருந்து எடுத்தாள். எடுக்க நேரமாயிற்று. வரம்பில் மண்டியிட்டு, ராத்தாவின் மடியிலிருந்து குழாயை எடுத்துத் தன் சீலைத் தலைப்பில் துடைத்தாள். துளைக்குள் அதைச் செருக இரண்டு கை வேண்டும். ஒரு கையால் முடியாது. அது அவளுக்குத் தெரியும், ராத்தாவுக்கும் தெரியும்.

"இந்தாங்க," என்று பிள்ளையை நீட்டினாள். "பிடிங்க."

"மர்ளியா, யோசிச்சுத்தான் தாறியா?"

"யோசிச்சாத் தர மாட்டன். பிடிங்க."

ஹவ்வா வாங்கி நெஞ்சோடு அணைத்தாள். துளையிலிருந்து வந்த காற்று பிள்ளையின் உச்சந்தலை மயிரை அசைத்தது. ஸஜீத் அழுகையை நிறுத்தினான். நிறுத்திவிட்டு, அந்தத் துளைக்குள் யாரையோ அடையாளம் கண்டவன் போல் கண் வெட்டாமல் பார்த்தான்.

மர்ளியா இரண்டு கையாலும் குழாயைப் பிடித்தாள். குழாயின் நுனியைத் துளையின் விளிம்பில் வைத்தாள்.

"கழுத்த நிமித்துங்க, ராத்தா."